வளவுக்குள் அடங்காத இரகசியம்

பெரிய வீட்டின் மர்மம் என்றால் மக்கள் மனம் இயல்பாகவே ஈர்க்கப்படுகிறது. பூட்டிய அறை, மறைக்கப்பட்ட உறவு, இறுதியில் ஒரு கொலை. தொலைக்காட்சித் தொடருக்கு இவை போதும். ஆயின் அந்த வீடு எவருடைய உழைப்பால் எழுந்தது என்று அத்தொடர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. அக்கேள்வியை நம்முள் எழுப்பிய தொடர் ஒன்று உண்டு. குறுகிய காலமே ஒளிபரப்பாகிய ‘கிரய’ என்னும் சிங்களத் தொடரே அது.

புண்ணியகாந்தி விஜேநாயக்க 1971இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவலை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் பின்னாளில் தொடராக்கினார். 1963இல் ‘கம்பெரலிய’ திரைப்படத்தின் மூலம் தென்னிலங்கைப் பெருங்குடும்பமொன்றின் வீழ்ச்சியைக் காட்டியவர் அவர். ‘கிரய’ என்பதற்குச் சிங்களத்தில் பாக்குவெட்டி என்று பொருள். நம் செவிக்கோ அது விலையைக் குறிக்கும் ‘கிரயம்’ போல ஒலிக்கிறது. இரு பொருளுமே கதைக்குப் பொருந்துவன.

எளிய குடும்பத்தில் பிறந்து படித்த பெண்ணாகிய காமினி ஒரு வளவ்வைக்குள் மருமகளாக நுழைகிறாள். மாமியார் அடிலேன் ஹாமினேயின் ஆட்சியில் கணவனும் ஒடுங்கிக் கிடக்கிறான். குடும்ப மானத்தின் பெயரால் பொய்கள் அடுக்கப்படுகின்றன. பாக்கு நசுங்குவதுபோல் அவள் நசுங்குகிறாள். கதை கொலையில் சென்று முடிகிறது.

அந்நாவல் வெளிவந்த 1971ஆம் ஆண்டிலேதான் தென்னிலங்கைக் கிராமத்து இளைஞர்கள் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய வயலை 25 ஏக்கராக வரையறுத்தது. சுவருக்குள் நடந்த நாடகமும் சுவருக்கு வெளியே நடந்த வரலாறும் வேறுவேறல்ல.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் நமக்கு இக்கதை அந்நியமானதா? வளவ்வை என்ற சொல்லே நம் ‘வளவு’ என்பதன் உறவுச் சொல்தான். நம்மிடையே போடியார் வீடுகள் இருந்தன. நமது தாய்வழி மரபில் வீடு மகளுக்குச் சீதனமாகும். மருமகனே அங்கு சென்று வாழ்வான். ஆதலால் இங்கே காமினிக்கு நேர்ந்த கதி வேறு விதமாக இருந்திருக்கும். எனினும் மகளுக்கு எழுதிய வீட்டின் குசினியில் அடுப்பூதிய பெண்ணுக்குச் சொந்தமாக என்ன இருந்தது? படுவான்கரை வயலிலே முல்லைக்காரனும் அவனோடு உழைத்தவர்களும் விளைவித்த நெல்லே அவ்வீட்டின் அத்திவாரம்.

நமது களவெட்டியில் ஒரு வழக்கம் இருந்தது. சூடடிக்கும்போது பொருள்களை வழக்கமான பெயரால் சொல்லமாட்டார்கள்; அதற்கென்றே வேறு சொற்கள் இருந்தன. பெயரைக் கேட்டால் பூதம் வந்து பொலியைக் கவர்ந்துவிடும் என்ற அச்சமே காரணம். பாவம், பூதம் ஒரு மணியையும் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனவர் பகல் வெளிச்சத்தில் வண்டி கட்டி வந்தார். 1958இல் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பளிக்க முனைந்ததும் இந்த வெளிப்படையான கவர்தலை எதிர்த்துத்தான்.

எனவே செல்வக் குடும்பத்தின் பெரிய இரகசியம் படுக்கையறையில் இல்லை. அது வயலிலும் குசினியிலும் எல்லோரும் காணக் கிடக்கிறது. காண மறுப்பதனாலேயே அது இரகசியமாகிறது.

‘கிரய’ நாவல் மருமகளின் நாட்குறிப்பாக அமைந்தது. அவ்வீட்டை முழுமையாக அறிந்தவளோ வேலைக்காரி லூசியா ஹாமி. அவள் நாட்குறிப்பு எழுதவில்லை. எழுதக் கற்பித்தவர் யார்?

இன்று களவெட்டியின் இடத்தை இயந்திரம் பிடித்துவிட்டது. நம் வாவிக்கரைப் பெண்களோ வளைகுடா நாடுகளின் பெரிய வீடுகளுக்குப் பணிப்பெண்களாகச் செல்கின்றனர். அவர்களின் பிள்ளைகள் நமது வகுப்பறைகளில் இருக்கிறார்கள். ஆசிரிய நண்பர்களே, கட்டுரைப் பாடத்தில் மன்னரின் பெருமையை எழுதச் சொல்வதோடு, தாய் சொன்ன கதையையும் எழுதச் சொல்லுங்கள். பெரிய வீட்டின் கதை அந்தக் கொப்பிகளில் முழுமை பெறட்டும்.