புதுப் பாட்டு அரங்கேறிய நாள்

பெரிய சபையில் புதுப் பாட்டை எடுப்பதற்கு வித்வான்கள் தயங்குவார்கள். பழகிய கிருதியானால் கேட்பவர் மனமே பாதி பாடிவிடும். புதுப் பாட்டுக்கு அந்தத் துணை கிடையாது.

1966 அக்டோபர் 23-ஆம் தேதி, ஐ.நா. தினத்தையொட்டி, நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மண்டபத்தில் ஸ்ரீமதி எம்.எஸ். சுப்புலட்சுமி கச்சேரி செய்தார். அப்போது அவருக்கு வயது 50. உடன் பாடியவர் மகள் ராதா, வயலின் வி.வி. சுப்பிரமணியம். எதிரே இருந்தவர்களில் பலருக்குக் கர்நாடக சங்கீதமே புதிது.

தெரிந்த கீர்த்தனைகளோடு நிறுத்திக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த மேடைக்கென்றே காஞ்சிப் பெரியவர் ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் சமஸ்கிருதத்தில் இயற்றி அருளிய 'மைத்ரீம் பஜத'வை அவர் பாடினார். மெட்டமைத்தவர் திரைப்பட இசையமைப்பாளர் வசந்த் தேசாய். ராஜாஜி எழுதிய ஆங்கிலப் பிரார்த்தனை ஒன்றும் அன்று அரங்கேறியது.

எல்லோரிடமும் நட்புக் கொள்ளுங்கள், போரைக் கைவிடுங்கள் என்பதே பெரியவர் பாட்டின் சாரம். எந்த நாட்டின் பெயரும் அதில் இல்லை. அதைக் கேட்டவர்கள் யார் என்பதை நினைக்க வேண்டும். முந்தைய ஆண்டுதான் இந்தியாவும் பாகிஸ்தானும் போரிட்டிருந்தன. வியட்நாமில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. சண்டையிடும் தேசங்களின் சபையிலேயே சண்டை வேண்டாம் என்று பாடுவதற்குக் குரல் மட்டும் போதாது, நெஞ்சுரமும் வேண்டும்.

ஐந்தாண்டுகளுக்குப் பின், 1971 ஆகஸ்ட் 1 அன்று, அதே நகரில் ராக் பாடகர் ஜார்ஜ் ஹாரிசன், பண்டிட் ரவிசங்கரின் வேண்டுகோளை ஏற்று, வங்கதேச அகதிகளுக்காகத் தாம் புதிதாக எழுதிய பாட்டைப் பாடினார். பாணி வேறு; பரிவு ஒன்றே.

பாட்டினால் போர் நின்றதா என்று கேட்கலாம். நிற்கவில்லை. 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தபோது, 1 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டு அம்மான் வழியாக விமானமேறினார்கள். வளைகுடாவாசிகளுக்கு அந்தப் பாட்டின் பொருளை அதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியிருக்க முடியாது. மருந்துச் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பதால் நோய் தீராது. மருந்தை உட்கொள்ள வேண்டும்.

நம் குழந்தைகள் விழாக்களில் இப்பாட்டை அழகாகப் பாடுகிறார்கள். உச்சரிப்பைத் திருத்தும் பெற்றோர் பொருளையும் சொல்லித் தரட்டும். எதிர் ஃபிளாட்டில் பாகிஸ்தானியர், மேல் மாடியில் எகிப்தியர், பக்கத்தில் மலையாளி என்று வாழும் பிள்ளைகளுக்கு அது சுலபமாகவே புரியும்.