கட்டி இருக்கிற நாள்

"போன வாரம் இருந்துச்சுங்க டாக்டர். இப்ப இல்லீங்க."

திருப்பூரில் மகளிர் மருத்துவராக இருக்கும் எனக்கு இது தினப் பாராயணம். பிறப்புறுப்பில் கட்டி வந்து வந்து போகிறது என்பவர்கள், பெரும்பாலும் கட்டி இல்லாத நாளில்தான் வருவார்கள். இருக்கும்போது உட்காரவும் முடியாது, வெளியே சொல்லவும் முடியாது. பனியன் கம்பெனியில் லீவு கேட்டால் காரணம் கேட்பார்கள். அமுங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணைக்கு ஒரு அக்காவோடு வருவார்கள். கண்ணெதிரே இல்லாத ஒன்றைப் பார்ப்பதுதான் என் வேலையில் பாதி.

எல்லோரும் சொல்லும் பெயர் ஒன்றுதான்: சூட்டுக் கட்டி. விளக்கெண்ணெய் தடவியாயிற்று, இளநீர் குடித்தாயிற்று. அந்தப் பெயரோடு நான் சண்டைக்குப் போவதில்லை, அளவைக் கேட்பேன். சென்டிமீட்டர் யாருக்கும் வராது, அடுப்படிக் கணக்கு எல்லோருக்கும் வரும். கடுகா, உளுந்தா, கொண்டைக்கடலையா, நெல்லிக்காயா? பிறகு சீட்டின் பின்பக்கம் ஒரு படம் வரைந்து பேனாவை அவர்களிடமே கொடுத்துவிடுவேன். "கீழே" என்ற சொல் சொல்லாததை அவர்கள் வைக்கும் புள்ளி சொல்லிவிடும்.

முடி உள்ள இடத்தில் உளுந்தளவு, நடுவில் சீழ் என்றால், கடைசியாக ரேசர் பிடித்தது எப்போது என்று கேட்பேன். மழித்த முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்வது, மயிர்க்கால் புண்ணாவது, இவையே நான் அதிகம் பார்ப்பவை. இறுக்கமான உள்ளாடையும் நாளெல்லாம் ஸ்டூலில் வேர்த்து உட்கார்வதும் சேர்ந்துகொள்ளும். அடிக்கடி வந்தால் சர்க்கரை பார்க்காமல் விடமாட்டேன்.

யோனி வாசலைக் கடிகாரமாக நினைத்தால், நாலு மணி அல்லது எட்டு மணி இருக்கும் இடத்தில் நெல்லிக்காய் போல வீங்குவது பார்த்தோலின் சுரப்பி. 1677-இல் டென்மார்க்கின் காஸ்பர் பார்த்தோலின் இதை விவரித்தார். அதன் வழி அடைத்து நீர் கோத்து, சீழ் பிடித்தால் நடக்கவிடாது. வெறுமனே கீறிவிட்டால் தோல் மூடிக்கொண்டு மறுபடி வரும். அதனால் சின்ன பலூன் குழாய் ஒன்றைச் சில வாரம் உள்ளே விட்டு வைப்போம், அல்லது வாயைத் திறந்து ஓரத்தைத் தைத்துவிடுவோம். நாற்பது தாண்டியவருக்குப் புதிதாக வந்தால், பயாப்சிக்கு அனுப்பாமல் எனக்குத் தூக்கம் வராது.

காலிஃபிளவர் மாதிரிப் பெருகும் மரு எச்.பி.வி. வைரஸின் வேலை. நடுவில் குழி விழுந்த முத்து மொலஸ்கம் என்ற தொற்று. சில சமயம் ஒன்றுமே இருக்காது. உள் உதட்டில் இருபுறமும் ஒரே சீராக இருக்கிற இயல்பான நுண்முனைகளை போனில் பார்த்த படத்தோடு ஒப்பிட்டு, மரு என்று அழுதுகொண்டு வந்த பிள்ளைகள் உண்டு.

ஒருத்தி விஷயத்தில் நான் தவறிவிட்டேன். தொடையிடுக்கில் கட்டி என்று மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் ஆன்டிபயாடிக் எழுதி, "சுத்தமா வெச்சுக்கம்மா" என்று அனுப்பினேன். நாலாவது முறை, அவிழ்ந்த கொண்டையை முடியக் கையைத் தூக்கினாள். தொளதொளத்த சுடிதார் கை நழுவியதில், அக்குளில் கயிறு போன்ற தழும்புகள்.

"இங்கயும் வருமா?"

"வயசுக்கு வந்ததுல இருந்தே வருதுங்க. நீங்க கீழ மட்டுந்தான கேட்டீங்க."

ஹைட்ராடினைடிஸ் சப்புரடிவா. மயிர்க்கால் அடைத்து, தோலுக்குள்ளேயே வெடித்துக் கிளம்பும் அழற்சி. அழுக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவளோ என் பேச்சைக் கேட்டு, பீர்க்கன் நாரால் தினம் மூன்று வேளை தேய்த்துக் குளித்திருக்கிறாள். இப்போதெல்லாம் தொடையிடுக்கில் கட்டி என்றால் முதலில் கையைத் தூக்கச் சொல்கிறேன்.

இன்னொன்று, கடுகளவுக் கொப்புளங்கள் கொத்தாக வருவது. முந்தின நாளே அந்த இடம் சுருசுருவென்று குத்தும். உடைந்தால் சிறுநீர் பட்டு எரியும். கொஞ்ச நாளில் தடமில்லாமல் ஆறும். ஊரில் இதை அக்கி என்பார்கள். குயவர் வீட்டில் போய்க் காவி எழுதிக்கொள்கிற இடமா இது! அக்கியல்ல, அதன் பங்காளி: ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ். நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொண்டு, காய்ச்சலிலோ மாதவிலக்கிலோ மன உளைச்சலிலோ எழுந்து வரும். சுருசுருப்பிலேயே மாத்திரை தொடங்கினால் சீக்கிரம் அடங்கும், அடியோடு போகாது. பெயரைச் சொன்னதும் வருகிற கேள்வி வீட்டுக்காரரைப் பற்றியதாகத்தான் இருக்கும். தொற்றி வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு வெளிப்படுவதும் உண்டு. யாரிடமிருந்து, எப்போது என்று கொப்புளத்தைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. அக்காவை வெளியே அனுப்பிவிட்டுத்தான் இதைப் பேசுவேன்.

உறுதி செய்ய, புதுக் கொப்புளத்தின் நீர் வேண்டும். காய்ந்தபின் எடுத்தால், இருந்தாலும் இல்லை என்று ரிப்போர்ட் வரலாம். அதனால், "வர்ற அன்னைக்கே வந்துரும்மா, எந்நேரமானாலும் சரி" என்று சொல்லி அனுப்புவேன். முக்கால்வாசிப் பேர் வருவதில்லை.

போன மாதம் ஒருத்தி வந்தாள். இரவு எட்டரை, நான் பையைத் தோளில் மாட்டிவிட்டேன். ஓவர்டைமை விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள், தலையில் பஞ்சுத் தூசி அப்படியே ஒட்டியிருந்தது.

"இன்னைக்கு வந்துருச்சுங்க டாக்டர்" என்றாள், பரிசுச் சீட்டு விழுந்த மாதிரி.

பையைக் கழற்றி வைத்துவிட்டு விளக்கைப் போட்டேன்.