சுமைதாங்கியில் ஒரு பெட்டி



திருச்செந்தூருக்கும் உவரிக்கும் இடைப்பட்ட செம்மணல் தேரிக் காட்டில், பனைகள் அடர்ந்த பழைய பாதை ஒன்றின் ஓரத்தே ஒரு சுமைதாங்கி நிற்கிறது. நட்டு நிறுத்திய இரு கற்கள். அவற்றின்மேல் படுக்கவைத்த மூன்றாவது கல். தலைச்சுமையோடு வருகிறவன் பிறர் கையை எதிர்பாராமல் சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறலாம். மீண்டும் தானே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் இத்தகைய கல்லை நாட்டுவது நம் முன்னோர் வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாமற்போன சுமையின் பெயரால், முன்பின் அறியாத வழிப்போக்கர் அனைவரின் சுமையையும் அக்கல் தாங்கிக்கொள்கிறது.

அக்கல்லின் அடியில் நான் ஒரு பெட்டியை ஒளித்து வைத்தேன். நல்லெண்ணத்தோடுதான் வைத்தேன். ஆயினும் அதன் பொருட்டு ஓர் இளைஞனின் தலை உடைந்தது. அந்த வரலாற்றை ஒளிக்காமல் கூறவே இன்று எழுதுகோலை எடுத்தேன்.

2009 முதல் 2014 வரை ஜெர்மனியின் தென்பகுதியில், மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் பங்குப் பணியாற்றி வந்தேன். அங்குள்ள இளைஞர்கள் ஒரு சனிக்கிழமை மாலை என்னைக் காட்டிற்குள் அழைத்துச் சென்றார்கள். கையில் ஒரு சிறு கருவி; அதில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் எண்களாகத் தெரிந்தன. எண்களைப் பின்பற்றிச் சென்று, விழுந்து கிடந்த மரம் ஒன்றின் பொந்தில் கையை விட்டு, ஒரு பெட்டியை வெளியே எடுத்தனர். உள்ளே ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில், சில சிறு விளையாட்டுப் பொருள்கள். அவர்கள் தங்கள் பெயரையும் தேதியையும் எழுதினார்கள். ஒரு கோலிக்குண்டை எடுத்துக்கொண்டு ஒரு பொத்தானை வைத்தார்கள். பெட்டியை இருந்த இடத்திலேயே மறைத்தார்கள். இதற்கு ஜியோகேச்சிங் என்று பெயர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த எனக்கு அன்று பத்து வயதுச் சிறுவனின் மகிழ்ச்சி உண்டாயிற்று.

இந்தப் பொழுதுபோக்கு பிறந்த கதை சுவையானது. செயற்கைக்கோள்களைக் கொண்டு இடத்தை அறியும் ஜி.பி.எஸ். முறையில், பொதுமக்களுக்குக் கிடைக்கும் அளவீட்டை அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழைபடச் செய்து வைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கியதும் அந்தத் தடையை நீக்கியது. ஏறத்தாழ நூறு மீட்டராக இருந்த பிழை ஒரே இரவில் பத்துப் பதினைந்து மீட்டராகக் குறைந்தது. மறுநாள், அதாவது மே 3-ஆம் நாள், டேவ் உல்மர் என்பவர் ஆரகன் மாநிலத்துப் பீவர்கிரீக் என்னும் ஊரருகே ஒரு கறுப்பு வாளியை வைத்து, அதன் இடக்குறிப்பை வெளியிட்டார். சில நாட்களுக்குள் மைக் டீக் என்பவர் அதனை முதலில் கண்டெடுத்தார். இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் உள்ளன. இதற்கும் முன்னோடி உண்டு. 1854-இல் இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் வழிகாட்டியாக இருந்த ஜேம்ஸ் பெரட் என்பவர், மக்கள் எளிதில் சென்றடைய முடியாத கிரான்மியர் குளத்தருகே ஒரு புட்டியை வைத்தார். வருகிறவர்கள் தம் பெயர்ச் சீட்டை அதிலே இட்டுச் சென்றனர்.

தாயகம் திரும்பிய பின், நம் பக்கத்தில் இப்படிப்பட்ட பெட்டிகள் மிக அரிதாயிருப்பதைக் கண்டேன். கன்னியாகுமரிக்கும் மணப்பாட்டுக்கும் வெளிநாட்டார் வருகின்றனர். அவர்களுள் இப்பழக்கம் உள்ளவர்கள் இருப்பார்கள். பெரிய சாலையை விட்டு விலகி நம் தேரியின் அழகை அவர்கள் காணட்டுமே என்று எண்ணினேன். 2015 பிப்ரவரியில், மூடியின் உட்புறம் ரப்பர் வளையம் பொருத்திய, நீர் புகாத பெட்டி ஒன்றை வாங்கினேன். குறிப்பேடும் பென்சிலும் வைத்தேன். பனையோலைக் கொட்டான் ஒன்றும் சில சோழிகளும் வைத்தேன். அந்தோணியார் பதக்கம் ஒன்றை வைக்கவும் கை நீண்டது. ஆனால் சமயம், அரசியல், வாணிபம் இவற்றைப் பரப்பும் கருவியாகப் பெட்டியை ஆக்கலாகாது என்பது இக்கூட்டத்தாரின் விதி; ஆகவே பதக்கத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வேறு விதிகளும் உண்டு. பெட்டியை மண்ணில் தோண்டிப் புதைக்கக் கூடாது. உணவுப்பொருள் வைக்கக் கூடாது. எலியும் எறும்பும் வரும். ஒரு பெட்டிக்கும் மற்றொன்றுக்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும். வைத்தவர் அடிக்கடி சென்று பேண வேண்டும். விடுமுறைக்கு வந்தவர் வைத்துவிட்டுப் போய்விடுவது பொதுவாக ஏற்கப்படுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நிலத்துக்கு உரியவரின் இசைவைப் பெற்றிருக்க வேண்டும். முன் சொன்ன விதிகளை எல்லாம் எழுத்துப் பிசகாமல் காத்தேன். கடைசி விதியை மட்டும், "இது பாதை ஓரம்தானே, யாருக்குச் சொந்தம்?" என்று எளிதாகத் தாண்டிவிட்டேன்.

ஜெர்மனியில் புதிய பெட்டி ஒன்று அறிவிக்கப்பட்டால், முதலில் எடுப்பவர் நான்தான் என்று ஒரு மணி நேரத்துக்குள் ஓடி வருவார்கள். இங்கே மாதங்கள் சென்றன. திங்கள்தோறும் போய்ப் பார்ப்பேன். குறிப்பேடு வெண்மையாகவே இருக்கும். நவம்பர் இறுதியில்தான் முதல் எழுத்து விழுந்தது. மிதிவண்டியில் கன்னியாகுமரி நோக்கிச் சென்ற செக் நாட்டு இளந்தம்பதியர் வந்து போயிருந்தனர். தங்கள் நாட்டு நினைவாக, நூலில் கட்டி ஆட்டும் சிறு மரப்பாவை ஒன்றை வைத்திருந்தார்கள். பாவைக் கூத்து அந்நாட்டாரின் பெருமைக்குரிய கலை. 2016-இல் யுனெஸ்கோவின் பட்டியலிலும் இடம் பெற்றது. எனக்கோ தலைகால் புரியாத மகிழ்ச்சி.

அடுத்த ஆண்டு ஆடி மாதம். ஒரு மாலை, பங்கு இல்லத்து வாயிலில் எழுபது வயது கடந்த ஓர் ஆச்சி நின்றார். அவர் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் நோய்நொடி என்றால் கோயிலுக்கு வந்து செபம் கேட்பது அங்குள்ள வழக்கம். மடியிலிருந்த துணி மூட்டையைத் தொட அஞ்சியவராய்ப் படியில் வைத்தார்.

"சாமி, எங்க குடும்பத்துக்கு எவனோ செய்வினை வச்சிருக்கான். பேரனுக்குப் பத்து நாளாக் காய்ச்சல் விடல. ஆடி அமாவாசைக்கு எங்க ஆத்தா கல்லக் கழுவி விளக்கேத்தப் போனேன். கல்லுக்கு அடியில இது இருந்துச்சு."

மூட்டையை அவிழ்த்தார். உள்ளே என் பெட்டி. நூல் சுற்றிய மரப்பாவை. சோழிகள். புரியாத எழுத்துகள் நிறைந்த தாள்.

யார் செய்ததென்று அவர்கள் முடிவும் கட்டிவிட்டனர். பங்காளி வீட்டாரோடு நெடுநாளாக ஒரு நிலத் தகராறு இருந்தது. "அவனுவளத் தவிர வேற யாரு சாமி?" என்றார்.

அந்தக் கணமே, "ஆச்சி, இதை வைத்தவன் நான்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பங்குத்தந்தையே பொம்மையை ஒளித்து வைத்தாரென்று ஊர் நகைக்குமே என்று நாக்கு ஒட்டிக்கொண்டது. பேரனை மருத்துவரிடம் காட்டும்படியும், பெட்டியை என்னிடம் விட்டுச் செல்லும்படியும், யாரையும் ஐயுற வேண்டாமென்றும் கூறி அனுப்பினேன். காலையில் விளக்கிச் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

இரவு பதினொரு மணிக்கு உபதேசியார் வந்து கதவைத் தட்டினார். ஆச்சியின் மகன் எறிந்த செங்கல் பங்காளி வீட்டுக் கல்லூரி மாணவனின் நெற்றியில் பட்டு, ஆறு தையல் போட்டிருப்பதாகக் கூறினார்.

பெட்டியை வைத்தது அறியாமை. வாயை மூடிக்கொண்டதோ கோழைத்தனம். அறியாமையை மன்னிக்கலாம், அந்த ஓர் இரவுக்கு நான் இன்றளவும் காரணம் தேடவில்லை.

இரவோடு இரவாக மருத்துவமனைக்குச் சென்று அந்தத் தம்பியிடமும் அவன் பெற்றோரிடமும் உண்மையைக் கூறி மன்னிப்புக் கேட்டேன். விடிந்ததும் ஆச்சியின் வீட்டுக்குச் சென்றேன். பின்னர் இரு வீட்டாரையும் ஊராரையும் சுமைதாங்கியின் முன் வரவழைத்து, பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துக் காட்டி விளக்கினேன். சிலர் சிரித்தனர், சிலர் கோபித்தனர். இரண்டுக்கும் அவர்களுக்கு உரிமை இருந்தது. ஆச்சி மட்டும் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே எடுத்து வச்சிருப்பேனே சாமி."

இதைவிடக் கூரிய கண்டனத்தை நான் கேட்டதில்லை. சற்றுப் பொறுத்து, "அந்த வெள்ளக்காரப் புள்ளைக என்ன எழுதியிருக்காவ?" என்றார். படித்துக் காட்டினேன். வெயிலில் களைத்து வந்தோம். இக்கல் எதற்கென்று அறியோம். பைகளை இதன்மேல் வைத்துவிட்டு நிழலில் நீர் அருந்தினோம். இதனை நிறுத்தியவர்களுக்கு நன்றி என்று எழுதியிருந்தனர். ஆச்சி கல்லைத் தடவினார். "எங்க ஆத்தா மேல சுமைய எறக்கி வச்சிருக்காவ" என்று இரு வீட்டாரையும் பார்த்துச் சொன்னார். அந்த மூதாட்டி இரு வீட்டாருக்கும் பொதுவானவள்.

பெட்டியை எடுத்துவிடுகிறேன் என்றேன். ஆச்சி சம்மதிக்கவில்லை. "இருக்கட்டும். ஊருக்குத் தெரிஞ்சு இருக்கட்டும்" என்றார். அவ்வாறே பெட்டியின் மேல், இது வழிப்போக்கரின் விளையாட்டுப் பெட்டி, தீங்கானது அன்று, பார்த்தபின் இருந்த இடத்தில் வைக்கவும் என்று பெரிய தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டினேன். என் பெயரையும் எழுதினேன். காவல் நிலையத்துக்கும் தெரிவித்தேன். இது மிகையான எச்சரிக்கை அன்று. இப்பொழுதுபோக்கு பரவியுள்ள இங்கிலாந்திலேயே, 2011-இல் வெதர்பி என்னும் ஊரில் ஓர் உணவகத்தருகே இருந்த பெட்டியை வெடிகுண்டென்று அஞ்சி வெடிக்கச் செய்து அழித்தனர். அங்கே வெடிகுண்டு, இங்கே செய்வினை. மனிதனின் அச்சம் ஊருக்கு ஏற்ற உடையை உடுத்துகிறது.

நிலத் தகராறு அதனால் தீர்ந்துவிடவில்லை. அவ்வாறு எழுதினால் பொய்யாகும். ஆனால் நெற்றியில் தழும்புள்ள அந்தத் தம்பி, தன் கைப்பேசியில் இடக்குறிப்பைப் பார்க்கக் கற்றுக்கொண்டான். மழைக்காலத்தில் ஈரமான குறிப்பேட்டை மாற்றி வைத்தான். 2019-இல் எனக்கு வேறு பங்குக்கு மாற்றல் வந்தபோது, பெட்டியின் பொறுப்பை முறைப்படி அவன் பெயருக்கு மாற்றிக் கொடுத்தேன். பெட்டி இருக்கும் ஊரில் வாழ்கிறவனே அதைப் பேணத் தகுந்தவன்.

நம் பிள்ளைகள் சிலருக்கு இப்போது இந்த விளையாட்டில் ஆசை பிறந்திருக்கிறது. நல்லது, நடக்கட்டும், தேடட்டும், நாட்டைக் காணட்டும். ஆனால் இவ்விளையாட்டை அறியாத ஊரில் பெட்டி வைக்க விரும்புவோர், இடம் தேடுமுன் ஆளைத் தேடுங்கள். அந்தக் கல்லுக்கு விளக்கேற்றுகிறவர் யார், அந்த மரத்தடியில் ஆடு மேய்க்கிறவர் யார் என்று கேளுங்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். தொலைவிலிருந்து வரப்போகும் அந்நியருக்காக வைக்கும் பொருளைப் பக்கத்து வீட்டாரிடம் மறைக்காதீர்கள்.

சென்ற ஆண்டு அவ்வழியே போனேன். ஆச்சி இல்லை, காலமாகி இரண்டாண்டு ஆயிற்று என்றனர். சுமைதாங்கியின் அடியில் பெட்டி இருந்தது. குறிப்பேட்டில் என் பெயரை எழுதினேன். அதற்கு மேல், கோணல் எழுத்தில் ஒரு பெயர். நம் ஊர்ச் சிறுவனுடையது. அவன் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பனங்கற்கண்டுக் கட்டியைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தான். உணவுப்பொருள் வைக்கக் கூடாது என்பது விதி. எறும்பு வருமுன் அதை நானே வாயில் போட்டுக்கொண்டு, என் பையிலிருந்த பென்சிலை அவனுக்காக வைத்துவிட்டு வந்தேன்.