வகுப்பில் சொல்லாத பாதி

உணர்ச்சிகளைக் கையாளும் பாடம் வந்தால் வகுப்பில் நான் ஒரு கதை சொல்வேன். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் அம்மாவின் மருத்துவ ஃபைல் தொலைந்தபோது ஒரு கடுஞ்சொல்கூடப் பேசாமல் இருந்த கதை. பிள்ளைகள் மும்முரமாகக் குறிப்பெடுப்பார்கள். நான் சொல்வது பாதிக் கதைதான்.

சொன்ன பாதி இது. பரிசோதனைகளை முடித்துக்கொண்டு நாகர்கோவில் பஸ் ஏற வந்திருந்தோம். ஆட்டோ போன பிறகுதான் அம்மா மடியைத் தடவிப் பார்த்தாள். "எங்க வச்சேன்னு தெரியல்லியே மக்களே." எனக்குச் சுர்ரென்று ஏறியது. உடனே படித்த வித்தையைக் கையில் எடுத்தேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஈதன் கிராஸும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு அது. அதில் பங்கேற்றவர்கள், விரும்பிய வேலைக்குத் தங்களுக்கு ஏன் தகுதியிருக்கிறது என்று பிறர் முன்னால் பேச வேண்டும். தயாராக ஐந்தே நிமிடம். 'நான் ஏன் பதறுகிறேன்' என்று கேட்டுக்கொண்டவர்களைவிட, தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு 'நீ ஏன் பதறுகிறாய்' என்று கேட்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். பிறகு கூசிக் குறுகியதும் குறைவு. நானும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மூச்சு நிதானத்துக்கு வந்தது. இதோடு வகுப்பில் கதை முடிந்துவிடும்.

ஆனால் அந்தக் குரல் அதோடு நிற்கவில்லை. 'நீ லீவு போட்டுத்தானே வந்தாய்? ஃபைலை என்னிடம் தா என்று காலையிலேயே கேட்டாயே. இதில் உன் தப்பு என்ன?' வள்ளுவர் 'நெஞ்சொடு கிளத்தல்' என்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். அதில் தலைவி தன் நெஞ்சைக் கடிந்துகொள்கிறாள். என் நெஞ்சோ எனக்கு நன்றாக ஒத்து ஊதியது.

பஸ்ஸுக்கு நேரமிருந்ததால், லாரி பேக்கர் கட்டிய அந்தச் செங்கல் சுருள் காபி ஹவுஸுக்குள் போனோம். சரிந்து ஏறும் தரையில் அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். நான் முன்னால் போய்விட்டேன். அந்தக் கட்டடத்தில் நாலு மேசை தள்ளிப் போனால் பின்னால் வருபவர் கண்ணில் படமாட்டார். அது எனக்கு வசதியாகவே இருந்தது. பீட்ரூட் கட்லெட்டை அம்மா ஸ்பூனால் பிட்டுப் பிட்டு வைத்தாள், ஒரு துண்டுகூட வாய்க்குப் போகவில்லை. "சாப்பிடும்மா" என்றேன். குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நெய்யாற்றின்கரை தாண்டியதும், "தண்ணி குடிக்கியா மக்களே" என்றாள். "வேண்டாம்மா." களியக்காவிளையில் இன்னொன்று கேட்டாள். அதற்கும் ஒற்றைச் சொல்தான். மார்த்தாண்டம் வரும்போது அவள் பேச்சை நிறுத்தியிருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. கத்தியிருந்தால் நான் குற்றவாளி. கத்தாமலே தண்டிக்க முடிந்தது, அதுவும் பொறுமைசாலி என்ற பெயரோடு.

இதற்கும் ஆய்வு இருக்கிறது, எனக்குத் தெரியாததல்ல. ஸ்டான்ஃபோர்டின் ஜேம்ஸ் கிராஸ் (இவர் வேறு கிராஸ்), எமிலி பட்லர் முதலானோர் 2003இல் வெளியிட்டது. முன்பின் அறியாத பெண்களை இருவர் இருவராக உட்காரவைத்து, மனதைக் கலக்கும் படம் ஒன்றைக் காட்டி, பிறகு அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சில ஜோடிகளில் ஒருத்திக்கு மட்டும் ரகசியக் கட்டளை: முகத்தில் எதையும் காட்டாதே. அப்படி அடக்கியவளுக்கு எதிரே இருந்தவளின் ரத்த அழுத்தம் ஏறியது. முன்பின் தெரியாதவளுக்கே அந்தக் கதி. என் எதிரே இருந்தது பெற்ற தாய், ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவள். இந்த ஆய்வைப் பாடத்தின் கடைசியில் வைத்திருக்கிறேன். மணி அடித்துவிடும், நானும் அதைத் தொடாமல் விட்டுவிடுவேன்.

ஃபைல் போனதால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. மருத்துவமனைக்கு ஃபோன் செய்ததும் ரிப்போர்ட்டுகளை மறுபடி அச்செடுத்துக் கொடுத்தார்கள். அடுத்த பரிசோதனைக்கு அம்மா தம்பியைக் கூப்பிட்டாள். அவன் ஸ்டாண்டு அதிரக் கத்துகிறவன், அடுத்த நிமிடம் டீ வாங்கிக் கொடுக்கிறவன். என்னை ஏன் கூப்பிடவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

அதற்குப் பிறகும் அந்தக் கதையை வகுப்பில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.