மூன்று கோடுகள் சந்திக்காத இடம்

டெக்ஸாஸ் மாகாணத்தில் குடியிருக்கும் என் மகள், தன் பதினான்கு வயதுப் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்பிப்பவள், ஒரு நாள், "அப்பா, ஜாமெட்ரிக்கு எந்தப் புஸ்தகம் வாங்கட்டும்?" என்று கேட்டபோது, முப்பத்து மூன்று ஆண்டுகள் அந்தப் பாடத்தையே போதித்து ஓய்வு பெற்ற எனக்குச் சட்டென்று விடை சொல்ல வாய் வரவில்லை. காரணம், என் உத்தியோக காலத்தில் அரசாங்கம் அச்சிட்டு அனுப்பியதை நடத்தினேனேயன்றி, ஒரு நூலையும் நானாகத் தேர்ந்தெடுத்ததில்லை. அங்கோ வீட்டுப்பள்ளியும் தனியார் பள்ளியாகவே கருதப்படுவதால், கணிதம் கற்பிக்கப்பட வேண்டும் என்பதற்கு மேல், எந்த நூல், எந்த முறை என்று விதிப்பார் ஒருவருமில்லை. நம் ஊரில் வகுப்புதோறும் சிறிது சிறிதாக வரும் வடிவியல், அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டு அல்ஜீப்ரா ஆண்டுகளுக்கு நடுவே முழு ஓராண்டுப் பாடமாக வருவது. ஆகவே நூல் தவறினால் ஓராண்டே வீணாகும்.

அடுத்த முறை அங்கே சென்று தங்கியிருந்தபோது, சாப்பாட்டு மேஜைமேல் நான்கு நூல்களைப் பரப்பிக்கொண்டோம்: ஹீத்தின் மொழிபெயர்ப்பில் யூக்ளிட், ரஷ்யாவில் 1892-இல் வெளிவந்து பல தலைமுறைகளைப் பயிற்றி, 2006-இல் ஆங்கிலத்தில் பதிப்பிக்கப்பட்ட கிஸெலேவ், கேலிச்சித்திரங்களையும் அன்றாடக் காட்சிகளையும் காட்டிப் பிள்ளைகளை ஈர்க்கும் ஹெரால்டு ஜேக்கப்ஸ், வழக்கமான பள்ளிப் பாடநூல் ஒன்று. பொருளடக்கங்களை ஒப்பிடுவதில் பிரயோஜனமில்லை. எல்லாவற்றிலும் பெரும்பாலும் ஒரே சரக்குதான். ஆகையால், இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம் என்ற ஒரே தேற்றத்தை உரைகல்லாகக் கொண்டேன்.

பள்ளிப் பாடநூலில் இடப்பத்தியில் கூற்றும் வலப்பத்தியில் காரணமுமாக நிரூபணம் அச்சாகியிருந்தது. நடுநடுவே விடப்பட்டிருந்த கோடிட்ட இடங்களைப் பேத்தி நிமிஷத்தில் நிரப்பிவிட்டாள். புத்தகத்தை மூடிவிட்டு ஏன் என்று கேட்டேன், விழித்தாள். யூக்ளிட், பக்கங்கள் இரண்டையும் அடிக்குக் கீழே நீட்டி, முக்கோணத்தின்மேல் முக்கோணமாக ஒப்பிட்டுச் செல்கையில், தேடியது எது என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. இந்தத் தேற்றத்துக்குக் கழுதைப்பாலம் என்று ஐரோப்பாவில் பெயர் வந்ததில் வியப்பில்லை. கிஸெலேவோ, உச்சிக்கோணத்தை இரண்டாக வெட்டும் கோட்டை அச்சாகக் கொண்டு ஒரு பாதியைத் திருப்பி மறுபாதியின்மேல் வைக்கிறார். பேத்தி காகிதத்தைக் கத்தரித்து மடித்துப் பார்த்துவிட்டு, "சரியா மேல விழும்னு முன்னாடியே எப்படித் தெரியும், தாத்தா?" என்றாள். உச்சியில் கோணங்கள் சமமாதலால் பக்கத்தின்மேல் பக்கம் விழும், நீளங்கள் சமமாதலால் முனைமேல் முனை விழும் என்ற விடை அந்தக் கேள்விக்குள்ளேயே காத்திருந்தது. பிள்ளைக்குக் கேள்வி பிறக்குமுன் விடையைக் கொடுத்துவிடும் நூல், அது எவ்வளவு பிழையற்றதாயினும், நிரூபணத்தை வெறும் சடங்காக்கிவிடுகிறது என்பது அன்று எனக்குத் தெளிவாயிற்று.

ஆகவே கிஸெலேவை முதல் நூலாகவும், பயிற்சிக்கு ஜேக்கப்ஸையும் வைத்துக்கொண்டோம். யூக்ளிடை, அஸ்திவாரத்தின் உறுதியை அறிய விரும்பும் பருவம் வரட்டுமென்று அலமாரியில் வைத்தோம்.

இரண்டு மாதம் கழிந்து, ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கங்களுக்கும் மையக்குத்துக்கோடுகள் வரையச் சொன்னேன். கவராயத்தின் முள் சற்று நழுவியதாலோ என்னவோ, மூன்று கோடுகளும் ஒரு புள்ளியில் கூடாமல், நடுவே கடுகளவு முக்கோணம் ஒன்றை விட்டன. அவள் அதையே வெகுநேரம் பார்த்திருந்து, "இது என் தப்பா, இல்ல, நிஜமாவே இப்படித்தானா?" என்றாள். எவ்வளவு கூரிய பென்சிலாலும் தீர்க்க முடியாத சந்தேகம் அது. முதல் கோட்டின்மேலுள்ள எந்தப் புள்ளியும் அக்கோடு வெட்டும் பக்கத்தின் இரு முனைகளுக்கும் சமதூரம், இரண்டாவதும் அவ்வாறே, ஆகவே இரண்டும் வெட்டும் புள்ளி மூன்று முனைகளுக்கும் சமதூரம், எனவே மூன்றாவது கோடு அதை விட்டு விலக வழியேயில்லை. இதைத் தானே சொல்லி முடிக்க அவளுக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் பிடித்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தக் கடுகளவு முக்கோணம் என் வகுப்புகளிலும் எத்தனையோ நோட்டுப் புத்தகங்களில் தோன்றியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் நான், "பென்சிலை நன்றாகச் சீவிக்கொண்டு மறுபடி போடு" என்று சொல்லிவிட்டு, அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்திருக்கிறேன்.