ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது

செப்டம்பர் 18, 2025, வியாழன்

கடையைத் திறந்து கம்ப்யூட்டர் உயிர் பெறுவதற்குள் புதூர்ப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் வந்து நின்றார். ரியாத்தில் ஹவுஸ் டிரைவராக இருந்தவர். கபீல், அதாவது அங்கத்து முதலாளி, இகாமா என்கிற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கவில்லை என்று ஊருக்கு வந்துவிட்டார். பர்சிலிருந்து இரண்டு லைசென்ஸை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று சவுதி, இன்னொன்று நம்மூர்.

சவுதி லைசென்ஸ் இன்னும் பல வருஷம் செல்லும். அங்கே வருஷத்துக்கு 40 ரியால். 2, 5, 10 என்று வேண்டிய வருஷத்துக்குக் கட்டிக்கொள்ளலாம். இவர் 400 ரியால் கட்டி மொத்தமாக வாங்கிவிட்டார். இகாமா மட்டும் வருஷா வருஷம் முதலாளி தயவு. ஆள் இங்கே, லைசென்ஸ் மட்டும் அங்கே ஓட்டத் தகுதியோடு இருக்கிறது.

நம்மூர் லைசென்ஸ் 2023-லேயே முடிந்துபோச்சு. "ரியாத்ல நான் ஓட்டாத ரோடு கிடையாது தாயி, திரும்ப எதுக்கு ஓட்டிக் காட்டணும்?" என்கிறார். 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது முடிந்த தேதிக்கு முன்னும் பின்னும் ஒரு வருஷம் அவகாசம் கொடுத்தார்கள். அதைத் தாண்டினால் மறுபடி டெஸ்ட். சொன்னேன், முகம் கறுத்துவிட்டது.

அதற்கு முன்னால் வேறொரு சிக்கல். லைசென்ஸுக்கான சாரதி தளத்தில் ஆதார் எண்ணைப் போட்டால் ஓ.டி.பி. பழைய நம்பருக்குப் போகிறது. அந்த நம்பரை அவர் கைவிட்டு எத்தனையோ காலம் ஆச்சு; இப்போது யார் வைத்திருக்கிறார்களோ. முதலில் ஆதாரில் போன் நம்பரை மாற்றணும், அப்புறம் 40 வயதைத் தாண்டியதால் டாக்டரிடம் படிவம் 1ஏ, அப்புறம்தான் மற்றது. ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். சவுதி லைசென்ஸை மட்டும் பத்திரமாகத் திரும்பப் பர்சில் வைத்துக்கொண்டு போனார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ராத்திரி முழுக்க போன். அக்கா மகள் டல்லாஸ் பக்கம் ப்ரிஸ்கோவில் இருக்கிறாள், வேலைக்கான எச்-1பி விசா. வெள்ளிக்கிழமை ட்ரம்ப் கையெழுத்துப் போட்ட அறிவிப்பில் எச்-1பி-க்கு ஒரு லட்சம் டாலர் என்று வந்ததும் அவள் கம்பெனி 'வெளிநாட்டில் இருப்பவர்கள் உடனே திரும்புங்கள், உள்ளே இருப்பவர்கள் வெளியே போகாதீர்கள்' என்று மெயில் அனுப்பிவிட்டதாம். புது மனுக்களுக்கு மட்டும்தான் அந்தக் கட்டணம் என்று சனிக்கிழமை விளக்கம் வந்தது. அதற்குள் எத்தனை பேர் ஏர்போர்ட்டிலேயே விமானத்தை விட்டு இறங்கி ஓடினார்களோ. எச்-1பி ஒப்புதல் வாங்குகிறவர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள், அதனால் இந்தப் பயம் கோவில்பட்டி, விளாத்திகுளம் வரைக்கும் வந்து நிற்கிறது.

ஆனால் அவள் போன் பண்ணியது அதற்கு இல்லை. "சித்தி, என் லைசென்ஸ் டிசம்பர்ல முடியுது. அதுக்கு ஊருக்கும் வர முடியாது, வெளிய போயிட்டு உள்ளயும் நுழைய முடியாது. நீங்கதான லைசென்ஸ் எல்லாம் பாக்கிறீக, சொல்லுங்க" என்றாள். நான் பார்ப்பது தமிழ்நாட்டு லைசென்ஸ். ஆனாலும் கேட்டேன், கேட்கக் கேட்க எனக்கே ஆர்வம் வந்துவிட்டது.

அவளுக்கு வேலைக்கான ஒப்புதல் 2027 வரை இருக்கிறது. போன வருஷம் தங்கை கல்யாணத்துக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது ஏர்போர்ட் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டியிருக்கிறார். பாஸ்போர்ட் 2025 டிசம்பரில் முடிகிறது. வேலை ஒப்புதல் எதுவரை இருந்தாலும் பாஸ்போர்ட் முடியும் நாளுக்கு மேல் தங்க அனுமதிக்க முடியாது என்று எதுவரை தங்கலாம் என்று சொல்கிற ஐ-94-இல் டிசம்பர் தேதியைப் போட்டுவிட்டார். அந்த ஐ-94 இப்போது கையில் தருகிற அட்டை கூட இல்லை. 2013-இலிருந்து விமானத்தில் வருகிறவர்களுக்கு எல்லாம் கம்ப்யூட்டரில்தான். போய்த் தேடிப் பார்த்தால்தான் தெரியும். டெக்சாஸ் லைசென்ஸ் ஆபீஸ் அந்தத் தேதியை எடுத்து அப்படியே லைசென்ஸில் அச்சடித்துவிட்டது.

அங்கே பிறந்தவர்களுக்கு அதே டெக்சாஸில் எட்டு வருஷம்.

இதில் கூத்து என்னவென்றால், அவள் வீட்டுக்காரர் அவளை நம்பித்தான் அங்கே இருக்கிறார். எச்-4, அவளுக்கு விசா போனால் அவருக்கும் போச்சு. ஆனால் அவருடைய பாஸ்போர்ட் புதியது. அதனால் அவர் ஐ-94 2027, லைசென்ஸும் 2027. சம்பாதிக்கிறவளுக்குத் தேதி குறைவு, ஒட்டிக்கொண்டு வந்தவருக்கு அதிகம். "டிசம்பருக்கு மேல அவர்தான் என்னை ஆபீசுக்குக் கொண்டு விடணும்" என்று சிரித்தாள். ப்ரிஸ்கோ டல்லாஸின் பஸ், ரயில் அமைப்பில் சேராத ஊர். இங்கே வீட்டு வாசலில் நின்றால் எட்டயபுரம் பஸ் வரும், பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட்டும் கிடையாது. அங்கே பால் வாங்கக் கார் வேண்டும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

வேலை இல்லாத மதியம். வானம் மூட்டம் போட்டு நிற்கிறது, பெய்யவில்லை. உளுந்து விதைக்கிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

லைசென்ஸில் தங்கும் தேதியைப் போடச் சொல்கிற அமெரிக்கச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். 2001 செப்டம்பர் 11-இல் விமானங்களைக் கடத்தியவர்கள் பல மாநிலங்களில் லைசென்ஸும் அடையாள அட்டையும் வாங்கி வைத்திருந்தார்கள். அதை விசாரித்த ஆணையம், அடையாள அட்டைகளைக் கறாராக்கச் சொன்னது. 2005 மே 11-இல் 'ரியல் ஐடி' சட்டம் வந்தது. மாநிலங்கள் முரண்டு பிடித்து, தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, ஏர்போர்ட்டில் அமலுக்கு வந்தது இந்த வருஷம் மே 7-ஆம் தேதி. இருபது வருஷம்! தற்காலிகமாகத் தங்குகிறவர்களுக்கு, தங்க அனுமதி முடியும் நாளோடு லைசென்ஸும் முடியவேண்டும், அது தற்காலிகம் என்பது அட்டையிலேயே தெரியவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது.

அவர்கள் பயம் நியாயம்தான். விமானம் ஏற அடையாளம் கேட்கிற நாட்டில் அந்த அடையாளம் லைசென்ஸ்தான் என்றால் அதைக் கெட்டியாக்காமல் இருக்க முடியாது. எனக்கு ஒப்பாதது அடுத்த படி. கண் தெரிகிறதா, பிரேக்கை எப்போது மிதிக்கணும் என்று பார்த்துக் கொடுத்த அட்டையில், குடியேற்ற ஆபீசின் தேதி வந்து உட்கார்ந்துகொள்கிறது. அக்கா மகளுக்கு டிசம்பரில் கண் மங்கப் போகிறதா?

நம்முடைய மோட்டார் வாகனச் சட்டம் 1988-ஐ இந்த விஷயத்தில் மெச்சத்தான் வேண்டும். 14-ஆம் பிரிவில் சொந்த வண்டிக்குத் தேதி போடுவது வயதை வைத்து. 30 வயதுக்குள் வாங்கினால் 40 வரைக்கும். 30-க்கு மேல் 50-க்குள் என்றால் பத்து வருஷம். 50 தாண்டி 55-க்குள் என்றால் 60 வயது வரை, அதற்கப்புறம் ஐந்து ஐந்து வருஷம். வயசாக ஆகத் தேதி குறுகுகிறது. எங்கள் தாத்தாவுக்கு மாட்டு வண்டியே கொடுக்கக் கூடாது என்று பாட்டி சொல்வாள், அதே நியாயம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. லோடு ஆட்டோ, டிராக்டர், ஸ்கூட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். என் ஜெராக்ஸ் மிஷினுக்கும் ஒரு பொட்டு. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பூசணிக்காய் உடைத்ததில் ஒரு பைக்காரர் சறுக்கி விழுந்தார், அடி இல்லை.

அமெரிக்காவில் இன்று அரசாங்கத்துக்குப் பணம் ஒதுக்காமல் ஆபீஸ்களை மூடிவிட்டார்கள். எச்-1பி மனுவோடு வைக்கவேண்டிய தொழிலாளர் துறை ஒப்புதலுக்கு விண்ணப்பமே போட முடியவில்லையாம். தங்கும் தேதியை நீட்டக் கேட்டு அக்கா மகளுக்குப் பழைய ஒப்புதலையே வைத்து மனுப் போடலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அவள் ஆபீசில் இன்னொரு பெண்ணுக்கு அந்த வழியும் இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

தாப்பாத்தி இலங்கைத் தமிழர் முகாம் தம்பி வந்திருந்தான். பெயின்ட் வேலைக்குப் போகிறவன், நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு கலர் இருக்கும். முகாம் அடையாள அட்டைக்கு ஜெராக்ஸ் எடுத்தான். இரண்டு பக்கமும் ஒரே தாளில் வரணும் என்பான், நான் சொல்லாமலே இப்போது அப்படித்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

அவன் அப்பா அம்மா 1990-இல் மண்டபத்தில் வந்து இறங்கியவர்கள். இவன் பிறந்தது, படித்தது எல்லாம் இங்கே. ஆனாலும் குடிமகன் இல்லை. 1987 ஜூலை 1-க்குப் பிறகு இந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது, அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்கணும். 2021-இல் அகதிகள் முகாம் என்ற போர்டை எடுத்துவிட்டு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், புது வீடு கட்டினார்கள். இந்த செப்டம்பர் 1-இல் அமலுக்கு வந்த குடிவரவுச் சட்டத்தை ஒட்டி ஒரு விலக்கு ஆணையும் வந்தது: 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள்மேல் பாஸ்போர்ட், விசா இல்லை என்று வழக்கு வராது. இருக்கலாம், ஆனால் குடிமக்கள் இல்லை. எதுவரை இருக்கலாம் என்று ஒரு தேதியும் இல்லை.

அக்கா மகள் கதையை அவனிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டான். "எங்களை மாதிரி தேதியே இல்லாதவகளுக்கு அங்க என்ன போடுவாக அக்கா?" என்றான்.

அதற்கும் அந்த ரியல் ஐடி சட்டத்தில் பதில் இருக்கிறது. தங்கலுக்கு முடிவுத் தேதி குறிக்கப்படாவிட்டால் லைசென்ஸ் ஒரு வருஷம். அடுத்த வருஷம் திரும்பப் போய், இன்னும் அதே நிலையில்தான் இருக்கிறேன் என்று காகிதம் காட்டணும்.

"வருஷத்துக்கு ஒருக்காத்தானா? பரவாயில்லையே" என்றான். முகாமில் அடிக்கடி வருகிற செக்கிங் அன்று ஆள் நேரில் நின்று கையெழுத்துப் போடணும். அன்றைக்குக் கோயம்புத்தூரில் பெயின்ட் வேலை கிடைத்தாலும் போக முடியாது. அவனுக்கு ஒரு வருஷம் என்பது நீளமான கயிறு.

நவம்பர் 2, ஞாயிறு

நல்ல மழை. கரிசல் நனைந்துவிட்டால் காட்டுப்பாதையில் வண்டி இறங்காது. சக்கரத்தில் அப்பிய மண் மட்கார்டு வரை ஏறி நின்றுவிடும். கடைக்கு ஆள் இல்லை.

அக்கா மகள் பேசினாள். மனுப் போட்டாச்சு, ரசீது வந்தாச்சு. நேரத்தோடு போட்டுவிட்டால், தேதி முடிந்தாலும் 240 நாள் வரைக்கும் அதே கம்பெனியில் வேலை பார்க்கலாம். 15 வேலை நாளில் பதில் வேண்டுமென்றால் 2,805 டாலர் தனி. கம்பெனி யோசிக்கிறது.

ஆக டிசம்பர் முதல் அவள் வேலை பார்க்கலாம், வேலைக்கு ஓட்டிக்கொண்டு போகலாமா என்பதுதான் கேள்வி. ரசீதைப் பார்த்துக் கொஞ்ச நாள் நீட்டித் தருகிற மாநிலமும் உண்டு, ஒப்புதல் தாளைக் கொண்டுவா என்கிற மாநிலமும் உண்டு. கவுண்டரில் இருப்பவர் அவர்பாட்டுக்கு முடிவு செய்ய முடியாது; மத்தியக் குடியேற்றத் துறையின் கணினியில் கேட்டுப் பதில் வரணும். நம் ஊரில் ஆதார் சர்வர் டவுன் என்று நான் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அந்த முகங்களை எனக்குத் தெரியும். கவுண்டருக்குப் பின்னால் இருக்கிறவருக்கும் அது இஷ்டமான வேலை இல்லை.

புதூர் அண்ணாச்சி நேற்று டெஸ்ட் முடித்துவிட்டாராம். ஸ்வீட் பாக்கெட் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

நவம்பர் 14, வெள்ளி

கலிபோர்னியாவில் 17,000 லாரி டிரைவர்களின் லைசென்ஸ் ரத்தாகப் போகிறது. காரணத்தைப் படித்துவிட்டு இரண்டு தரம் திரும்பப் படித்தேன். அவர்கள் தப்பாக ஓட்டவில்லை. லைசென்ஸில் உள்ள தேதி, அவர்கள் அமெரிக்காவில் தங்க அனுமதித்த தேதியைத் தாண்டி இருக்கிறதாம். அட்டையை அச்சடித்தது மாநில ஆபீஸ், தேதியைப் போட்டதும் அதே ஆபீஸ். 60 நாளில் அட்டை செல்லாது என்று நோட்டீஸ் போவது டிரைவர்களுக்கு.

பஞ்சாபிகள் நிறையப் பேர். ஆகஸ்ட் 12-இல் ப்ளோரிடாவில் ஒரு லாரி ரோட்டில் குறுக்கே திரும்பி மூன்று பேர் செத்தார்கள். ஓட்டியவர் இந்தியர், கையில் கலிபோர்னியா லைசென்ஸ். அதிலிருந்து மத்திய அரசு பிடித்துக்கொண்டது. செப்டம்பர் 29-இல் ஓர் அவசர விதி போட்டு, மூன்று வகை விசாக்காரர்களைத் தவிர, தற்காலிகமாகத் தங்குகிற மற்ற வெளிநாட்டார் யாருக்கும் லாரி லைசென்ஸ் கிடையாது என்றார்கள். அந்த விதியை இப்போது வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்தி வைத்திருக்கிறது. ஆனால் கலிபோர்னியா நோட்டீஸ் பழைய விதிப்படியே தப்பு என்கிறது, அதனால் அது தடைபடாது என்று தோன்றுகிறது. செத்த மூன்று பேருக்கு நியாயம் வேண்டும்தான். அந்த ஆள் ஓட்டக் கற்றுக்கொண்டானா, டெஸ்ட் வைத்தவர் சரியாக வைத்தாரா என்று தோண்டியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். விபத்து நடந்தது ரோட்டில், தேடிப்போனது தேதியை.

சாயங்காலம் அக்கா மகளுக்குப் போன் போட்டேன். உன் லைசென்ஸில் உள்ள தேதியும் ஐ-94 தேதியும் ஒன்றா என்று எடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒன்றுதான் சித்தி, ஒரு நாள் கூடக் கூடுதல் இல்லை என்றாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.