மம்பட்டிக்கு எதுக்கு ஆதார்?

போன மார்கழியில் நடந்தது. எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். நாலு பேருக்கு உபயோகப்பட்டா சரின்னு இப்ப எழுதுறேன்.

மல்லாட்டைக்குத் தண்ணி கட்டணும். அந்த வாரம் எங்களுக்கு ராத்திரி முறை கரண்டு. ஒரு மணிக்கு எழுந்தேன். லுங்கி, தலையில் துண்டு, தோளில் மம்பட்டி, கையில் டார்ச். செல்போன் சார்ஜில் கிடந்தது, எடுக்கல. திருமலை அடிவாரம் தாண்டி ரோட்டில் ஏறினதும் பைக்கில் வந்த ரெண்டு போலீஸ்காரங்க நிறுத்தினாங்க.

"யாருய்யா நீ? பேரென்ன? ஆதாரை எடு."

"என் நெலத்துக்குத் தண்ணி கட்டப் போறேன் சார். அதுக்கு எதுக்குப் பேரும் ஆதாரும்?"

வாய் சும்மா இருக்கல. பேரைச் சொல்லியிருந்தா அங்கேயே முடிஞ்சிருக்கும். ஸ்டேஷன் பெஞ்சில் உக்கார வச்சுட்டாங்க. யாரும் அடிக்கல. ஆனா 2020-ல் சாத்தான்குளத்து அப்பனும் மகனும் காவலில் செத்தது ஞாபகத்துக்கு வந்துச்சு. பயத்துல கை நடுங்குச்சு. "வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்"னு கேட்டேன். யாரும் காதுல வாங்கல. விடிஞ்சு ஊர்க்காரர் ஒருத்தர் வந்து இன்னார்னு சொன்ன பிறகுதான் விட்டாங்க.

நெலத்துக்குப் போனா என் பொஞ்சாதி வரப்புல உக்காந்திருக்கா. நாலு மணிக்கு வந்து பாத்திருக்கா. மோட்டார் ஓடல, ஆளும் இல்ல. பாம்பு கடிச்சிருச்சோன்னு வரப்பு வரப்பா தேடி, கிணத்துக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்திருக்கா. என்னைப் பாத்ததும் அழக்கூட இல்ல. "பேரைச் சொன்னா என்ன கொறைஞ்சா போயிடுவ?"ன்னு மட்டும் கேட்டா.

தங்கச்சி மகன் ஆரணியில் தறி போடுறான். அவனுக்குத் தெரிஞ்ச வக்கீல்கிட்ட கூட்டிட்டுப் போனான். அவர் சொன்னதைச் சொல்றேன்.

ஆதாரைக் கையிலயே வச்சுக்கிட்டுத்தான் நடக்கணும்னு சட்டம் இல்ல. வண்டி ஓட்டினா கதை வேற. சீருடையில் இருக்கிற போலீஸ் கேட்டா லைசென்ஸ் காட்டணும், டிஜிலாக்கர்ல இருந்தாலும் செல்லும். வாரண்டு இல்லாம கைது செய்ய முடியாத சின்னக் குற்றத்தை ஒருத்தர் போலீஸ் கண்ணெதிர்ல செஞ்சு, இல்ல செஞ்சதா புகார் இருந்து, பேரும் ஊரும் சொல்ல மறுத்தா, பொய் சொன்னா, அது தெரியறதுக்காகக் கைது செய்யலாம். தெரிஞ்சதும் பாண்டு எழுதி வாங்கி விட்டுடணும். முன்னே அது 42-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1-ல் வந்த புதுச் சட்டத்தில் 39.

"அவங்களும் பேரைக் காட்டணும், தெரியுமா?"ன்னார். கைது செய்யற போலீஸ்காரர் சட்டையில் பேர் தெளிவா தெரியணும். கைதுக் குறிப்பு எழுதி, வீட்டார் ஒருத்தரோ ஊர்ல மதிப்பான ஒருத்தரோ சாட்சிக் கையெழுத்துப் போடணும். வீட்டுக்குத் தகவல் போகணும். 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தணும். இதுல பலதும் டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. மேற்கு வங்காளத்துக்காரரான அவர் 1986-ல் தலைமை நீதிபதிக்கு எழுதின ஒரு கடிதத்தைத்தான் மனுவா எடுத்துக்கிட்டாங்க. ஒரு கடுதாசி இவ்வளவு தூரம் வந்திருக்கு பாருங்க.

என்னைக் கைது பண்ணல, விசாரிச்சோம்னுதான் சொன்னாங்க. அப்ப எழுத்துல எதுவும் இல்லாம விடிய விடிய உக்கார வச்சது என்ன கணக்கு? வக்கீல் சிரிச்சார். "அதான் மாமா கேள்வி"ன்னான் மருமகன்.

இப்ப எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். கேட்டா பேரையும் ஊரையும் மரியாதையா சொல்லிடுங்க. பொய்ப் பேரு மட்டும் சொல்லாதீங்க. எதுக்கு நிறுத்துறீங்கன்னு நிதானமா கேளுங்க. வீட்டுக்குச் சொல்லச் சொல்லிக் கேளுங்க. வக்கீலுக்குக் காசு இல்லன்னா 15100-க்குப் போன் பண்ணா இலவச சட்ட உதவி கிடைக்கும்.

அன்னைக்குத் தண்ணி பாயல. அடுத்த முறை வர்றதுக்குள்ள மேல்கொல்லைச் செடி வாடிப்போச்சு. அதை விடுங்க. இப்பல்லாம் ராத்திரி கிளம்பினா, செல்போனை மடியில் சொருகிட்டுத்தான் பொஞ்சாதி வாசல் கதவைத் திறக்கிறா.